குறுக்கீடுகளைத் திறந்தவுடன் கெர்னல் விழுகிறது: பிழை எங்கே?

வெற்றுநிரல்:

அனைவருக்கும் வணக்கம். கல்லூரி இறுதியாண்டுத் திட்டப்பணிக்காக, எக்ஸ்86 செயலியின் 64-பிட் முறையில் இயங்கும் ஒரு சிறிய கெர்னலை (இயங்குதளத்தின் மையப்பகுதி) சி மொழியில் எழுதி வருகிறேன். இப்போதைக்கு, கணினியைப் போலச் செய்து காட்டும் கியூஎமு மென்பொருளில்தான் ஓட்டிப் பார்க்கிறேன். எந்தக் குறுக்கீட்டுக்கு (செயலியை இடைமறித்து அழைக்கும் அறிவிப்புக்கு) எந்தச் செயற்கூறு ஓட வேண்டும் என்று சொல்லும் ஐடிடி அட்டவணையின் முதல் 32 இடங்களிலும் விதிவிலக்குக் கையாளிகளை (செயலியே எழுப்பும் அறிவிப்புகளுக்கான செயற்கூறுகளை) நிரப்பியிருக்கிறேன். வேண்டுமென்றே பூஜ்யத்தால் வகுத்துப் பார்த்தபோது உரிய கையாளி வந்து உரிய செய்தியை எழுதியது. பிரேக்பாயின்ட் கட்டளையும் கையாளிக்குச் சென்று ஒழுங்காகத் திரும்பி வந்தது. ஆகவே அட்டவணை சரியாக இருக்கிறது என்றே நம்புகிறேன்.

ஆனால் எஸ்டிஐ கட்டளையால் குறுக்கீடுகளைத் திறந்துவிட்டு, குறுக்கீடு வரும் வரை செயலியை நிறுத்திவைக்கும் எச்எல்டி கட்டளையில் வெறுமனே சுழலும்படி விட்டால், கண்ணிமைக்கும் நேரத்தில் "டபுள் ஃபால்ட்" (ஒரு பிழையைக் கையாளும்போதே இன்னொரு பிழை) என்று எழுதிவிட்டுக் கெர்னல் நின்றுவிடுகிறது. திரையில் நான் அச்சிடும் மதிப்புகள் இவை: பிழைக் குறியீடு 1059873, நின்ற இடத்தின் முகவரி 8, சிஎஸ் 582. ஸ்டாக் (தற்காலிக மதிப்புகளை அடுக்கிவைக்கும் நினைவகப் பகுதி) எங்கேயோ சிதைகிறது என்று எண்ணி இரண்டு நாட்களாகத் தேடுகிறேன். ஸ்டாக்கின் அளவை நான்கு மடங்காக்கிப் பார்த்தும் பயனில்லை. வழிகாட்ட வேண்டுகிறேன்.

பழையசாலிடர்:

தம்பி, உங்கள் ஸ்டாக் சிதையவில்லை. நீங்கள் கொடுத்திருக்கும் அந்த மூன்று எண்களே எல்லாவற்றையும் சொல்லிவிடுகின்றன; அவற்றை ஒரு படி கீழே நகர்த்திப் படியுங்கள்.

64-பிட் முறையில் குறுக்கீடு வந்ததும் செயலி ஸ்டாக்கில் எஸ்எஸ், ஆர்எஸ்பி (ஸ்டாக்கின் முனை), ஆர்ஃப்ளாக்ஸ் (கொடிகள்), சிஎஸ், ஆர்ஐபி (அடுத்த கட்டளையின் முகவரி) என்ற வரிசையில் ஐந்து மதிப்புகளைத் தள்ளுகிறது. டபுள் ஃபால்ட் போன்ற சில விதிவிலக்குகளுக்கு மட்டும் ஆறாவதாகப் பிழைக் குறியீடு ஒன்றையும் தள்ளும். டபுள் ஃபால்ட்டின் பிழைக் குறியீடு எப்போதும் பூஜ்யம்தான். உங்களுக்கு 1059873 வந்திருக்கிறது. ஒரு மெகாபைட் என்பது 1048576. உங்கள் கெர்னல் அந்த இடத்திலிருந்துதான் ஏற்றப்பட்டிருக்கும். ஆகவே நீங்கள் பிழைக் குறியீடு என்று படித்தது உண்மையில் ஆர்ஐபி, அதாவது எச்எல்டி கட்டளைக்கு அடுத்த இடம். முகவரி என்று படித்த 8 உங்கள் கோட் செக்மென்ட்டின் தேர்வெண். சிஎஸ் என்று படித்த 582 கொடிகளின் தொகுப்பு: 512 + 64 + 4 + 2. அந்த 512 ஐஎஃப் கொடி. குறுக்கீடுகள் திறந்திருந்தபோதுதான் இது நடந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

பிழைக் குறியீடே தள்ளப்படவில்லை என்றால் வந்தது டபுள் ஃபால்ட் இல்லை. வந்தது டைமர். பயாஸ் விட்டுச் சென்ற அமைப்பில் சாதனங்களின் குறுக்கீடுகளைச் செயலியிடம் சேர்க்கும் 8259 கட்டுப்படுத்தி தன் 0 முதல் 7 வரையிலான வரிசைகளை (குறுக்கீட்டுக் கம்பிகளை) 8 முதல் 15 வரையிலான வெக்டர்களுக்கு (ஐடிடி இட எண்களுக்கு) அனுப்புகிறது. டைமர் 0-ஆம் வரிசை, ஆகவே வெக்டர் 8. டபுள் ஃபால்ட்டும் வெக்டர் 8. வீட்டு எண் ஒன்றாக இருப்பதால் கடிதம் மாறி வந்துவிட்டது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. முதல் 32 வெக்டர்களைத் தன் பயன்பாட்டுக்கென்று இன்டெல் ஒதுக்கி வைத்திருந்தது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியை வடிவமைத்தவர்கள் அந்த ஒதுக்கீட்டைப் பொருட்படுத்தாமல் வன்பொருள் குறுக்கீடுகளை 8-இல் தொடங்கி வைத்தார்கள். அடுத்து வந்த 80286 செயலி அந்த 8-ஐ டபுள் ஃபால்ட்டுக்கு எடுத்துக்கொண்டது. பழைய மென்பொருள்கள் ஓட வேண்டும் என்பதற்காக யாரும் அதை மாற்றவில்லை. நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகும் ஒவ்வொரு மாணவரும் அந்த முடிவில் ஒரு முறை தடுக்கி விழுகிறார்கள்.

அந்திமழை:

மேலே சொன்னதற்கு ஒரு சிறு சேர்க்கை. இந்த மோதலைத் தீர்க்க, கட்டுப்படுத்தியை மறு ஒதுக்கீடு செய்து அதன் குறுக்கீடுகளை 32-இல் தொடங்கும் வெக்டர்களுக்கு மாற்ற வேண்டும். அதற்கு நான்கு தொடக்கச் சொற்களை வரிசை பிசகாமல் எழுத வேண்டும். எண்களை இங்கே பத்தடிமானத்தில் தருகிறேன். கட்டுப்படுத்தியில் முதன்மை, துணை என்று இரண்டு சில்லுகள் உண்டு. முதன்மைச் சில்லின் கட்டளைப் போர்ட் (சில்லுடன் பேசும் முகவரி) 32, தரவுப் போர்ட் 33. துணைச் சில்லுக்கு 160, 161. முதலில் இரண்டு கட்டளைப் போர்ட்டுகளிலும் 17 என்று எழுதுங்கள். பிறகு தரவுப் போர்ட்டுகளில், முதன்மைக்கு 32 என்றும் துணைக்கு 40 என்றும் தொடக்க வெக்டர்களைக் கொடுங்கள். அடுத்து, துணைச் சில்லு 2-ஆம் வரிசையில் இணைந்திருக்கிறது என்பதைச் சொல்ல முதன்மைக்கு 4, துணைக்கு 2. இறுதியாக இரண்டுக்கும் 1. இதன் பிறகு மறைப்பு பிட்டுகளை நீங்களே அமைத்துக்கொள்ள வேண்டும். கையாளி எழுதப்படாத வரிசைகள் அனைத்தையும் மூடியே வையுங்கள்.

கியூஎமுவின் குறுக்கீட்டுப் பதிவு விருப்பத்தைப் போட்டு ஓட்டினால் எந்த வெக்டர் எப்போது வந்தது என்று வரிவரியாகக் காட்டும். ஊகிப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிடுவது நேரத்தை மிச்சப்படுத்தும்.

வெற்றுநிரல்:

ஐயா, மிக்க நன்றி. அந்த எண்களை இரண்டு நாட்களாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவற்றைப் படிக்கவில்லை என்பது இப்போதுதான் புரிகிறது. மறு ஒதுக்கீட்டை அசெம்பிளியில் எழுதிவிட்டேன். இப்போது டைமர் வெக்டர் 32-க்கு வருகிறது. ஆனால் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதன் பிறகு விசைப்பலகையும் வருவதில்லை. கெர்னல் விழவில்லை, அமைதியாக இருக்கிறது.

பழையசாலிடர்:

அமைதிக்குக் காரணம் நீங்கள் ஈஓஐ (குறுக்கீட்டு வேலை முடிந்தது என்ற அறிவிப்பு) அனுப்பாததுதான். ஒரு குறுக்கீட்டைச் செயலியிடம் ஒப்படைத்ததும் 8259 தன் "சேவையில் உள்ளது" ரெஜிஸ்டரில் அந்த வரிசைக்கான பிட்டை ஏற்றி வைத்துக்கொள்கிறது. வேலை முடிந்தது என்று நீங்கள் சொல்லும் வரை அந்த வரிசையையும், அதைவிட முன்னுரிமை குறைந்த எதையும் அனுப்பாது. டைமருக்குத்தான் முன்னுரிமை அதிகம். ஆகவே டைமருக்குச் சொல்லாமல் விட்டால் ஊரே முடங்கிவிடும். முதன்மையின் வரிசைகளுக்கு அதன் கட்டளைப் போர்ட்டில் 32 என்று எழுதினால் போதும். 8 முதல் 15 வரையிலான வரிசைகளுக்குத் துணைக்கும் முதன்மைக்கும் இரண்டுக்குமே எழுத வேண்டும்.

விசைப்பலகைக்கு இன்னொரு கடன் உண்டு. போர்ட் 96-இலிருந்து அந்த பைட்டைப் படித்தாக வேண்டும், உங்களுக்கு அது தேவையில்லை என்றாலும். படிக்காமல் விட்டால் விசைப்பலகைக் கட்டுப்படுத்தியின் தாங்கி காலியாவதில்லை, அடுத்த குறுக்கீடும் பிறப்பதில்லை.

நான் புதியவர்களுக்கு இதை இப்படித்தான் சொல்வது வழக்கம்: கையாளி மூன்று பேருக்குக் கடன்பட்டிருக்கிறது. சாதனத்துக்கு, அது கூப்பிட்ட காரணத்தைத் தீர்த்து வைக்கும் கடன். கட்டுப்படுத்திக்கு, முடிந்தது என்று சொல்லும் கடன். நடுவில் நிறுத்தப்பட்ட நிரலுக்கு, அதன் ரெஜிஸ்டர்களையும் கொடிகளையும் ஸ்டாக்கையும் கைபடாமல் திருப்பித் தரும் கடன். எதைத் தீர்க்கவில்லை என்பதைப் பொறுத்து நோயின் அறிகுறி மாறும்.

கோடையிடி:

ஈஓஐயை எப்போது அனுப்புவது என்பதையும் சொல்லிவிடுங்கள். "கையாளியின் கடைசி வரியில்" என்று பல பயிற்சிக் குறிப்புகள் எழுதிவிடுகின்றன. டைமர் கையாளியின் உள்ளிருந்தே ஷெட்யூலரை (அடுத்து எது ஓடுவது என்று தீர்மானிக்கும் பகுதியை) அழைத்து வேறொரு டாஸ்குக்கு (ஓடும் பணிக்கு) மாறும் கெர்னலில் அந்தக் கடைசி வரி உடனே ஓடாது. மாறிப் போன டாஸ்க், பழைய டாஸ்குக்கு மீண்டும் முறை வரும் வரை ஓடிக்கொண்டிருக்கும். டைமரோ ஈஓஐக்காகக் காத்திருக்கும். டைமர் இல்லாமல் முறையும் வராது. நான் இதில் ஒரு வார இறுதியையே இழந்திருக்கிறேன். டாஸ்க் மாற்றத்துக்கு முன்பே அனுப்பிவிடுங்கள். ஐடிடி பதிவு இன்டரப்ட் கேட் வகையாக இருந்து அதன் வழியாக நுழைந்திருந்தால் ஐஎஃப் கொடி மூடியே இருக்கும். ஆகவே முன்கூட்டி அனுப்பினாலும் கையாளிக்குள் கையாளி நுழைந்துவிடாது. ஐஎஃப் கொடியை மூடாத டிராப் கேட் வகையைப் பயன்படுத்தியிருந்தால் அந்தப் பாதுகாப்பு இல்லை என்பதை மறக்க வேண்டாம்.

வெற்றுநிரல்:

டைமரும் விசைப்பலகையும் இப்போது ஒழுங்காக வருகின்றன. அதே வேகத்தில் மவுஸையும் இணைத்தேன். 12-ஆம் வரிசை. அதுவும் ஒரே ஒரு முறைதான் வருகிறது! போர்ட் 96-ஐப் படிக்கிறேன், ஈஓஐயை இரண்டு சில்லுகளுக்கும் அனுப்புகிறேன், டைமரும் விசைப்பலகையும் தொடர்ந்து ஓடுகின்றன. மவுஸ் மட்டும் ஊமையாகிவிடுகிறது.

அந்திமழை:

கியூஎமுவின் கண்காணிப்புத் திரைக்குச் சென்று, கட்டுப்படுத்தியின் நிலையைக் கேட்கும் "இன்ஃபோ பிக்" கட்டளையைக் கொடுங்கள். இரண்டு சில்லுகளுக்கும் ஐஎஸ்ஆர் (அந்தச் "சேவையில் உள்ளது" ரெஜிஸ்டர்), எச்ப்ரியோ (முன்னுரிமையில் முதலிடத்தில் உள்ள வரிசை) என்று என்ன காட்டுகிறது என்பதை மவுஸை அசைத்த பிறகு பார்த்து எழுதுங்கள். அந்த எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும்.

வெற்றுநிரல்:

துணைச் சில்லில் ஐஎஸ்ஆர் 10. முதன்மைச் சில்லில் ஐஎஸ்ஆர் 00, ஆனால் எச்ப்ரியோ 3. மவுஸை அசைப்பதற்கு முன்பு அந்த எச்ப்ரியோ 0 ஆகத்தான் இருந்தது.

அந்திமழை:

ஐஎஸ்ஆரில் 10 என்றால், பூஜ்யத்திலிருந்து எண்ணினால், நான்காவது பிட். அதாவது 12-ஆம் வரிசை இன்னும் சேவையிலேயே இருக்கிறது. நீங்கள் அனுப்பியதாகச் சொல்லும் ஈஓஐ துணைச் சில்லுக்குப் போய்ச் சேரவில்லை. எச்ப்ரியோ ஏன் மாறியது என்பது எனக்குப் பிடிபடவில்லை. ஈஓஐ அனுப்பும் இரண்டு வரிகளையும் அப்படியே எழுத முடியுமா?

வெற்றுநிரல்:

போர்ட்டில் எழுதும் என் செயற்கூறு முதலில் போர்ட்டையும் பிறகு மதிப்பையும் பெறும். ஈஓஐக்கான வரிகளை லினக்ஸ் பாணியில் எழுதப்பட்ட ஒரு குறிப்பிலிருந்து எடுத்தேன். முதல் வரியில் 32, 160 என்று இருக்கிறது. இரண்டாம் வரியில் 32, 32 என்று இருக்கிறது.

எழுதும்போதே தெரிந்துவிட்டது. லினக்ஸில் மதிப்பு முன்னால், போர்ட் பின்னால்.

பழையசாலிடர்:

அருமை. இந்த இழையில் எனக்கு மிகவும் பிடித்த பிழை இதுதான். எச்ப்ரியோ மாறியதற்கும் விடை இதிலேயே இருக்கிறது. நீங்கள் 160 என்ற மதிப்பைப் போர்ட் 32-இல் எழுதியிருக்கிறீர்கள். 8259-ஐப் பொறுத்தவரை 160 பொருளற்ற எண் அன்று. "முடிந்தது, முன்னுரிமையையும் சுழற்றிவிடு" என்ற கட்டளை. முதன்மைச் சில்லு தன் 2-ஆம் வரிசையை முடித்துக்கொண்டு, அதைக் கடைசி இடத்துக்குத் தள்ளி, 3-ஆம் வரிசையை முதலிடத்துக்குக் கொண்டுவந்துவிட்டது. துணைச் சில்லோ எதையும் கேட்கவில்லை; 12 முதல் 15 வரையிலான வரிசைகளைப் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மவுஸை அசைத்த பிறகு வட்டுக்கான 14-ஆம் வரிசையும் வந்திருக்காது. நீங்கள் வட்டை இன்னும் குறுக்கீடு இல்லாமல் படிப்பதால் அது தெரியவில்லை.

முதன்மைச் சில்லுக்கான வரியில் போர்ட்டும் 32, கட்டளையும் 32. இடம் மாறினாலும் வேலை செய்யும். இது போதாதென்று டைமரின் வெக்டரும் 32. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மூன்று 32-கள். பெயரிட்ட மாறிலிகளை வையுங்கள் என்று ஆசிரியர்கள் சொல்லும்போது அலட்சியமாகக் கேட்டுக்கொண்டிருந்தவன்தான் நானும்.

மூன்றாம்வளையம்:

தாமதமாக வருகிறேன். தம்பியின் நிரலைப் படித்துப் பார்த்தேன்; கையாளியின் உள்ளிருந்தே திரையில் எழுதுகிறார், எழுதும் செயற்கூறோ ஒரு ஸ்பின்லாக்கைப் (கிடைக்கும் வரை சுழன்று காத்திருக்க வைக்கும் பூட்டு) பிடிக்கிறது. இது நேரம் பார்த்து வெடிக்கும். முதன்மை நிரல் அந்த லாக்கைப் பிடித்துக்கொண்டு எழுதும்போது விசைப்பலகைக் குறுக்கீடு வந்தால், கையாளி அதே லாக்குக்காகச் சுழலத் தொடங்கும். லாக்கை விடுவிக்க வேண்டியவர் கையாளிக்குக் கீழே நிறுத்தப்பட்டுக் கிடக்கிறார். ஒரே செயலியில் இதற்கு விடிவே இல்லை.

கையாளியும் தொடும் எந்த லாக்கையும் குறுக்கீடுகளை மூடிவிட்டே பிடிக்க வேண்டும். விடுவிக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு எஸ்டிஐ கொடுக்கக் கூடாது. மூடுவதற்கு முன் கொடிகள் எப்படி இருந்தனவோ அப்படியே மீட்க வேண்டும். இல்லையென்றால், ஏற்கெனவே குறுக்கீடுகளை மூடி வைத்திருந்த வெளிச் செயற்கூறு ஒன்று, தான் அழைத்த உள் செயற்கூறு கதவைத் திறந்துவிட்டுப் போனது தெரியாமல் தொடர்ந்து ஓடும். அதனால்தான் லினக்ஸின் லாக் செயற்கூறுகளில் கொடிகளைச் சேமிக்கும் வடிவம் தனியாக இருக்கிறது.

அதைவிட நல்லது, கையாளியில் எழுதவே செய்யாமல், வந்த பைட்டை ஒரு வட்ட வரிசையில் போட்டுவிட்டு வெளியேறுவது. மீதி வேலையைக் குறுக்கீடுகள் திறந்திருக்கும் வேறொரு நேரத்தில் செய்வது. லினக்ஸில் இதை மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரிப்பார்கள்.

கோடையிடி:

இதில் எனக்கு மாற்றுக் கருத்து உண்டு. இது ஒரு மாணவர் திட்டம். ஒரு செயலி, ஒரு விசைப்பலகை. விசை அழுத்தினால் எழுத்து தெரிய வேண்டும். இதற்குச் சாஃப்ட்ஐஆர்க்யூ, டாஸ்க்லெட், வொர்க்கியூ என்று, வேலையைப் பிறகு செய்யத் தள்ளிவைக்கும் லினக்ஸின் மரச்சாமான்களையெல்லாம் ஒற்றை அறை வீட்டுக்குள் இறக்கினால் நடக்க இடமிருக்காது. திரை நினைவகத்தில் இரண்டு பைட்டுகள் எழுதும் வேலையைக் குறுக்கீடுகளை மூடிக்கொண்டே செய்துவிட்டுப் போகலாம். லாக் பற்றிச் சொன்னதை மட்டும் ஏற்கிறேன்.

மூன்றாம்வளையம்:

சாஃப்ட்ஐஆர்க்யூவை எழுதச் சொல்லவில்லை. ஒரு வட்ட வரிசையைத்தான் சொன்னேன். ஆனால் பிரிவினையே ஆடம்பரம் என்ற தொனியில் எழுதியிருப்பதால், என் வேலையில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

முன்பு நான் பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், ஐ2சி என்ற மெதுவான இணைப்புத் தடத்தின் வழியாக இணைந்த தொடுதிரை ஒன்றுக்கு டிரைவர் எழுத வேண்டியிருந்தது. விரல் பட்டதும் சில்லு தன் குறுக்கீட்டுக் கம்பியைக் கீழே இழுக்கும். உள்ளிருக்கும் நிலை ரெஜிஸ்டரைப் படித்தால்தான் கம்பியை விடும். அந்த ரெஜிஸ்டரைப் படிக்க ஐ2சியில் பேச வேண்டும். ஐ2சி டிரைவரோ பரிமாற்றம் முடியும் வரை தூங்கும். குறுக்கீட்டுக் கையாளிக்குள் தூங்கக் கூடாது, ஏனென்றால் அங்கே தூங்க வைப்பதற்குரிய டாஸ்க் என்று எதுவும் இல்லை. எனக்கு முன்பு அதை எழுதியவர் கையாளியிலிருந்தே படிக்க முயன்றிருந்தார். தொட்டவுடன் "அணு நிலையில் ஷெட்யூல் செய்கிறாய்" என்ற பொருள்படும் புகழ்பெற்ற பிழைச் செய்தி பக்கம் பக்கமாகக் கொட்டியது. பிறகு படிக்கும் வேலையை வொர்க்கியூவுக்குத் தள்ளிப் பார்த்தார். கம்பி இன்னும் கீழேயே இருப்பதால், கையாளி வெளியேறிய மறுகணமே மீண்டும் குறுக்கீடு. வொர்க்கியூவுக்கு முறையே கிடைக்கவில்லை, செயலி முழுவதும் குறுக்கீட்டிலேயே போய்க்கொண்டிருந்தது.

தீர்வு, 2009-இல் லினக்ஸ் 2.6.30-இல் சேர்க்கப்பட்ட த்ரெட் வகைக் கையாளி. கெர்னல் அந்த வரிசையை மறைத்து வைத்துவிட்டு தூங்க அனுமதி உள்ள ஒரு கெர்னல் த்ரெட்டை (தனியாக ஓடும் பணியை) எழுப்பும். த்ரெட் நிதானமாக ஐ2சியில் பேசி, சில்லைச் சமாதானப்படுத்தி முடித்த பிறகுதான் வரிசை திறக்கப்படும். அதற்குரிய ஒன்ஷாட் என்ற கொடியைப் போட மறந்தால் மீண்டும் அதே புயல்தான். முதன்மைக் கையாளியைக் கொடுக்காமல் த்ரெட்டை மட்டும் கொடுத்தால், அந்தக் கொடி இல்லாத பதிவைக் கெர்னலே பொதுவாக ஏற்க மறுத்துவிடும். அவ்வளவு பேர் மறந்திருக்கிறார்கள்.

சாதனத்துக்குரிய கடனை உடனே தீர்க்க முடியாதபோது கட்டுப்படுத்தியிடம் தவணை கேட்பதுதான் இது என்று பழையசாலிடர் ஐயாவின் கணக்கில் எழுதிக்கொள்ளலாம்.

கோடையிடி:

கம்பி அந்த நிலையில் இருக்கும் வரை குறுக்கிட்டுக்கொண்டே இருக்கும் நிலை சார்ந்த வரிசையில் இது நியாயம்தான். அந்த உதாரணத்தில் தோற்றேன். விசைப்பலகையின் வரிசை விளிம்பு சார்ந்தது (கம்பி மாறும் கணத்தில் மட்டும் குறுக்கிடும்) என்பதால் இவருக்கு அந்தப் புயல் வராது. ஆனால் பிசிஐ தடத்தில் செருகும் சாதனங்களுக்குப் போகும்போது இவருக்கும் வரும். அங்கே ஒரே கம்பியைப் பல சாதனங்கள் பகிர்ந்துகொள்ளும். ஒவ்வொரு டிரைவரும் "இது என்னுடையதா" என்று தன் சாதனத்தைக் கேட்டுப் பார்த்து, இல்லையென்றால் நேர்மையாக இல்லை என்று சொல்ல வேண்டும். ஒரு வரிசையில் வந்த 1,00,000 குறுக்கீடுகளில் 99,900-க்கு மேற்பட்டவற்றை யாரும் உரிமை கோரவில்லை என்றால், "யாரும் கண்டுகொள்ளவில்லை" என்று எழுதிவிட்டு லினக்ஸ் அந்த வரிசையையே மூடிவிடும். அந்த வரியை டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பதிவில்) பார்த்தவர்கள் வன்பொருளைத் திட்டுவார்கள். பெரும்பாலும் குற்றவாளி ஒரு டிரைவராகத்தான் இருப்பார்.

அந்திமழை:

புயல் என்றதும் நெட்வொர்க் அட்டைகள் நினைவுக்கு வருகின்றன. ஒரு கிகாபிட் ஈதர்நெட்டில் மிகச் சிறிய ஃபிரேம்கள் (தரவுப் பொட்டலங்கள்) முழு வேகத்தில் வந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 14.88 லட்சம், ஒன்றுக்கு 672 நானோவிநாடி. ஒவ்வொன்றுக்கும் ஒரு குறுக்கீடு என்றால், செயலி குறுக்கீட்டுக்குள் நுழைந்து வெளியேறுவதிலேயே காலத்தைக் கழித்து, பெற்ற எதையும் பயன்பாட்டு நிரலிடம் சேர்க்காமல் விட்டுவிடும். இந்த நிலையை ஜெஃப்ரி மோகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் 1996-இல் விரிவாக ஆராய்ந்து, சுமை மிகும்போது குறுக்கீட்டை விட்டுவிட்டு, சாதனத்தை நாமே போய்க் கேட்கும் முறைக்கு மாற வேண்டும் என்று காட்டினார்கள். லினக்ஸின் நாப்பி அதே வழியில் செல்கிறது: முதல் ஃபிரேமுக்குக் குறுக்கீடு, உடனே அட்டையின் குறுக்கீட்டை அணைத்துவிட்டு, வரிசை காலியாகும் வரை தொகுதி தொகுதியாக அள்ளுவது, காலியானதும் மீண்டும் குறுக்கீட்டைத் திறப்பது.

குறுக்கீடுதான் எப்போதும் திறமையானது, சாதனத்தைச் சுற்றிச் சுற்றிக் கேட்பது மடமை என்று பாடத்தில் படித்திருப்போம். வரத்து குறைவாக இருக்கும் வரைதான் அது உண்மை.

வெற்றுநிரல்:

வட்ட வரிசையை வைத்துவிட்டேன். லாக்குகளைக் கொடி சேமிக்கும் வடிவத்துக்கு மாற்றிவிட்டேன். முதன்மைச் சுழற்சி இப்போது வரிசையைப் பார்க்கும். காலியாக இருந்தால் எச்எல்டி கொடுக்கும். சில நேரங்களில் ஓர் எழுத்து, அடுத்த டைமர் வரும் வரை திரைக்கு வராமல் நிற்கிறது. இது ஒன்று. மற்றொன்று இன்னும் விசித்திரமானது: சரங்களை ஒப்பிடும் ஒரு சிறிய செயற்கூறு, ஆயிரக்கணக்கான முறைகளில் ஒரு முறை தவறான விடை தருகிறது. அது வேறு எந்தச் செயற்கூறையும் அழைப்பதில்லை, பொது மாறி எதையும் தொடுவதில்லை. குறுக்கீடுகளை மூடிவிட்டு ஓட்டினால் தவறு வருவதே இல்லை.

மூன்றாம்வளையம்:

முதலாவது எளிது. வரிசை காலி என்று பார்த்த கணத்துக்கும் எச்எல்டி கொடுக்கும் கணத்துக்கும் இடையில் விசைக் குறுக்கீடு வந்துவிடுகிறது. எழுத்து வரிசையில் சேர்ந்துவிட்டது. நீங்களோ அது தெரியாமல் தூங்கப் போகிறீர்கள். சிஎல்ஐ கொடுத்து மூடிக்கொண்டு வரிசையைப் பாருங்கள். காலியாக இருந்தால் எஸ்டிஐ, எச்எல்டி இரண்டையும் அடுத்தடுத்துக் கொடுங்கள், நடுவில் வேறெதுவும் வேண்டாம். மூடியிருந்த கதவை எஸ்டிஐ திறக்கும்போது, அதற்கு அடுத்த கட்டளை முடிந்த பிறகே குறுக்கீடு ஏற்கப்படும் என்பது இந்தச் செயலியின் விதி. ஆகவே காத்திருக்கும் குறுக்கீடு உங்களை எச்எல்டியிலிருந்தே எழுப்பும்.

பழையசாலிடர்:

இரண்டாவது, மூன்றாம் கடன். ரெஜிஸ்டர்களை எல்லாம் சேமிக்கிறீர்கள் என்று பார்த்தேன். பிரச்சினை ஸ்டாக்கின் அடியில் இருக்கிறது.

64-பிட் லினக்ஸ் பயன்படுத்தும் அழைப்பு மரபில், ஆர்எஸ்பி காட்டும் இடத்துக்குக் கீழே 128 பைட்டுகள் ரெட் சோன் எனப்படும். வேறு செயற்கூறு எதையும் அழைக்காத ஒரு செயற்கூறு, ஆர்எஸ்பியை நகர்த்தாமலேயே அந்த இடத்தில் தன் உள் மாறிகளை வைத்துக்கொள்ளக் கம்பைலர் அனுமதிக்கிறது. பயனர் நிரலில் இதனால் கேடில்லை; குறுக்கீடு வந்தால் செயலி கெர்னலின் ஸ்டாக்குக்கு மாறிவிடும். கெர்னலே ஓடிக்கொண்டிருக்கும்போது வந்தால், சாதாரணமாக அதே ஸ்டாக்கில்தான் ஐந்து மதிப்புகளும் தள்ளப்படும். உங்கள் ஒப்பீட்டுச் செயற்கூறு ரெட் சோனில் வைத்திருந்த எண்ணியின் மேல் எஸ்எஸ் மதிப்போ ஆர்ஃப்ளாக்ஸோ வந்து உட்கார்ந்துவிடுகிறது. "வேறு எந்தச் செயற்கூறையும் அழைப்பதில்லை" என்று நீங்கள் எழுதியதுதான் துப்பு.

ரெட் சோன் வேண்டாம் என்ற விருப்பத்தைக் கம்பைலருக்குக் கொடுத்து, கெர்னல் கோப்புகள் அனைத்தையும் மீண்டும் கம்பைல் செய்யுங்கள். ஒரு கோப்பை மட்டும் விட்டுவைத்தாலும் நோய் அங்கே போய் ஒளிந்துகொள்ளும். கையோடு, தனி ரெஜிஸ்டர்களைப் பயன்படுத்தும் எஸ்எஸ்இ கட்டளைகளையும் தடை செய்துவிடுங்கள்; உங்கள் கையாளி அந்த ரெஜிஸ்டர்களைச் சேமிப்பதில்லை.

அந்திமழை:

கடன்களின் பட்டியல் எக்ஸ்86-க்கு மட்டும் உரியதன்று என்பதற்காக ஒரு வரி. ரிஸ்க்-வி செயலிகளில், சென்னை ஐஐடியின் சக்தியும் அந்தக் கட்டளைத் தொகுப்பில் அமைந்ததுதான், பிளிக் என்ற கட்டுப்படுத்தியைப் பரவலாகப் பயன்படுத்துகிறார்கள். அங்கே கிளைம் ரெஜிஸ்டரைப் படித்தால் எந்தச் சாதனம் அழைத்தது என்ற எண் கிடைக்கும். வேலை முடிந்ததும் அதே எண்ணை அதே ரெஜிஸ்டரில் திருப்பி எழுத வேண்டும். எந்தக் குறுக்கீடு முடிந்தது என்பதைப் பெயர் சொல்லித் தெரிவிப்பதால் 8259-இல் நடந்த ஆள்மாறாட்டத்துக்கு அங்கே இடம் குறைவு.

வெற்றுநிரல்:

ரெட் சோனை நீக்கிய பிறகு ஒப்பீட்டுச் செயற்கூறு இரவு முழுவதும் ஓடியது. ஒரு தவறும் இல்லை. எழுத்து தாமதமாவதும் நின்றுவிட்டது.

நேற்று துணிந்து, விடுதியில் ஒரு நண்பரின் பழைய மேசைக்கணினியில் யூஎஸ்பி வழியாக ஏற்றிப் பார்த்தேன். டைமர், விசைப்பலகை இரண்டும் வேலை செய்கின்றன. ஆனால் மணிக்கு இரண்டு மூன்று முறை 7-ஆம் வரிசையில் ஒரு குறுக்கீடு வருகிறது. அந்த வரிசை வழக்கமாகப் பிரிண்டர் போர்ட்டுக்குரியது, அந்தக் கணினியிலோ பிரிண்டர் போர்ட்டே இல்லை.

பழையசாலிடர்:

உண்மையான இரும்புக்கு வந்துவிட்டீர்கள், வாழ்த்துகள். அது போலிக் குறுக்கீடு. ஏதோ ஒரு கம்பி உயர்ந்து, செயலி கட்டுப்படுத்தியிடம் "யார்" என்று கேட்பதற்குள் தாழ்ந்துவிட்டால், சொல்வதற்கு வேறு பெயர் இல்லாமல் 8259 தன் கடைசி வரிசையின் பெயரைச் சொல்லும். முதன்மையில் அது 7, துணையில் 15. கையாளியில் போர்ட் 32-இல் 11 என்று எழுதிவிட்டு, அதே போர்ட்டைப் படித்தால் ஐஎஸ்ஆர் கிடைக்கும். ஏழாம் பிட் ஏறவில்லை என்றால் அது போலி. எண்ணிக்கையை மட்டும் கூட்டிவிட்டு, ஈஓஐ அனுப்பாமல் திரும்புங்கள். அனுப்பினால், சேவையில் இருக்கும் வேறொருவருடைய கடனைத் தீர்த்துவிடும் அபாயம் உண்டு. 15-இல் போலி வந்தால் முதன்மைக்கு மட்டும் அனுப்ப வேண்டும். 2-ஆம் வரிசையில் ஏதோ வந்தது என்று அது மெய்யாகவே நம்பிக்கொண்டிருக்கும்.

அடுத்து, 8259-க்குப் பின் வந்த ஏபிக் என்ற கட்டுப்படுத்திக்குப் போகும்போதும் மறு ஒதுக்கீட்டை அழித்துவிடாதீர்கள். 8259-இன் வரிசைகளை எல்லாம் மறைத்த பிறகும் போலி ஒன்று தப்பி வரலாம். அது 8 முதல் 15-க்குள் வந்து விழுந்தால் இந்த இழையின் முதல் பதிவுக்கே திரும்பிவிடுவீர்கள். இன்னொன்று, அங்கே டைமர் 0-ஆம் உள்ளீட்டில் இருக்கும் என்று எண்ண வேண்டாம். கணினியின் வன்பொருள் அமைப்பைச் சொல்லும் ஏசிபிஐயின் மேட் அட்டவணையில் உள்ள மாற்றுக் குறிப்புகளைப் படியுங்கள். பெரும்பாலான கணினிகளில் அது 2-இல் இணைந்திருக்கும்.

வெற்றுநிரல்:

ஐயா, சரிபார்த்தேன். இன்று மாலை வந்த மூன்றிலும் ஐஎஸ்ஆரின் ஏழாம் பிட் பூஜ்யம்தான். திரையின் வலது மூலையில் போலிகளின் எண்ணிக்கையைக் காட்டும்படி வைத்திருக்கிறேன். இதை எழுதும் நேரத்தில் 4. மேட் அட்டவணையையும் அச்சிட்டுப் பார்த்தேன்: மூலம் 0, உள்ளீடு 2.